மஃரிபுக்கு மஃரிப் அணைந்த விளக்கு

கிழக்குக் கரையோரத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல் தரையில் அமைந்த ஊரொன்று. அங்கே ஒரு வீடு. கணவர் கத்தாரில் தொழில் புரிகிறார். வீட்டில் அவரது மனைவி, மனைவியின் தாயார், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். 2023 நவம்பரில் மாரி மழை தொடங்கிய முதல் வாரத்தில் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் ஆரம்பமானது.

மஃரிப் தொழுதுவிட்டுத் தாயார் யாஸீன் ஓத அமர்வார். பிள்ளைகள் பாடக் கொப்பிகளை விரிப்பார்கள். திடீரென வீடு முழுவதும் இருண்டு போகும். பக்கத்து வீடுகளில் வெளிச்சம் இருக்கும். தெரு விளக்கும் எரியும். இந்த வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. போய்ப் பார்த்தால் ட்ரிப் சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். தூக்கி விட்டால் சில வேளை நிற்கும். சில வேளை மறுபடியும் விழும். இஷாவுக்குப் பின்னர் மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிடும். ஸுபஹுக்குப் பின் மறுபடியும் அதே கதை. பகல் முழுவதும் ஒரு குறையும் இல்லை.

வயரிங் வேலை தெரிந்த பாஸ் ஒருவரை அழைத்தார்கள். அவர் வந்தது பகல் பதினொரு மணிக்கு. எல்லா மின்குமிழ்களையும் போட்டுப் பார்த்தார், காற்றாடிகளைச் சுழல விட்டார். எதுவும் விழவில்லை. "வீட்டில் பிழை ஒன்றும் இல்லை" என்று சொல்லி, கூலியையும் வாங்கிக் கொண்டு போய்விட்டார். அன்று மஃரிபுக்கு மீண்டும் இருள்.

பிழை ஒன்றும் இல்லை என்று தொழில் தெரிந்தவரே சொன்ன பிறகு, வீட்டார் வேறு காரணம் தேடத் தொடங்கினார்கள்.

சந்தேகம் நுழைந்த விதம்

மஃரிப் நேரம், மழை இரவு, தனித்து வாழும் பெண்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் எமது சமூகத்தில் எந்தப் பெயர் முதலில் வரும் என்பதைச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஊட்டுல ஏதோ இருக்கு" என்று தாயார் சொன்னார். அயலில் இருந்தவர்கள் ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் போகச் சொன்னார்கள். அவர் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "நெருங்கின பெண் ஒருவர் சாப்பாட்டோடு வந்து போயிருக்கிறார். அந்த வரவோடு வந்த வினை இது" என்றாராம்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வந்தவர் கணவரின் மூத்த சகோதரி. ஆண் பிள்ளை திருமணமாகி மனைவியின் வீட்டில் குடியிருப்பது எங்கள் பகுதி வழக்கம். தம்பியைப் பார்க்கவும் தம்பி பிள்ளைகளைப் பார்க்கவும் வந்து போகும் ஒரு சகோதரிக்கு அந்த வீட்டில் இருந்த உரிமை, அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. அவர் தொலைபேசியில் அழைத்தால் பதில் இல்லை. வாசலுக்கு வந்தபோது முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகளிடம், "மாமி தந்தா ஒண்டும் வாங்கித் தின்னப்படாது" என்று சொல்லி வைத்தார்கள்.

ஒரு வயர் செய்த வேலைக்கு ஒரு குடும்பம் உடைந்தது.

நான் செய்த தவறு

இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்குண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு உபதேசம் செய்வது அமானிதமாகாது.

வீட்டுக்காரச் சகோதரி எமது மத்ரஸாவில் ஓதியவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் என்னை அழைத்தார்கள். நான் போய் ஸூரதுல் பகராவிலிருந்தும் முஅவ்விததைனிலிருந்தும் ஓதினேன், துஆச் செய்தேன். அதில் எந்தத் தவறும் இல்லை. அன்று மஃரிபுக்கு விளக்கு அணையவில்லை. சனிக்கிழமையும் இல்லை, ஞாயிறும் இல்லை. தாயார் கண்ணீரோடு எனக்கு நன்றி சொன்னார். "எல்லாம் அல்லாஹ்வின் உதவி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது என்று அன்று நான் கேட்கவில்லை. இன்னொரு பாஸை அழைத்துப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நாட்களும் மழை ஓய்ந்திருந்தது என்பதையும், விடுமுறை நாட்களில் பாடசாலைச் சீருடைக்கு அயன் போடவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. என் மௌனம் அவர்களது சந்தேகத்துக்கு ஒரு முத்திரை போலாயிற்று. 'மௌலவி ஓதியதும் நின்றது என்றால் இது ஸிஹ்ர்தான்' என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த மதினியைப் பற்றிய ஐயம் உறுதியானது.

திங்கட்கிழமை மழை கொட்டியது. மஃரிபுக்கு விளக்கு அணைந்தது.

சுவிட்சை வாய் அடைத்த கை

மறுநாள் வேறொருவரை அழைத்தார்கள். அவர் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். ட்ரிப் சுவிட்சின் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் இரண்டு துண்டு வயர்களால் இணைத்துவிட்டார். கரண்ட் இப்போது சுவிட்சுக்குள் போகாமல் அந்த வயர் வழியாகவே வீட்டுக்குள் வந்தது. "இனி விழாது" என்றார். உண்மைதான், விழவில்லை. ஒன்பது நாட்கள் வீட்டில் நிம்மதி.

பத்தாம் நாள் அஸருக்குப் பின்னர், மூத்த பிள்ளை பின் விறாந்தையில் உடுப்புக் கழுவும் மெஷினைத் திறக்கப் போனாள். சீமெந்துத் தரை ஈரம்; கால் வெறுங்கால். மெஷினின் தகரத்தில் கை பட்டதும் பிள்ளையால் கையை எடுக்க முடியவில்லை. சத்தம் கூட வரவில்லை. சமையலறையிலிருந்து தற்செயலாகத் திரும்பிப் பார்த்த தாய், பிள்ளையைப் பிடித்து இழுக்க ஓடவில்லை. நேரே முன் மண்டபத்துக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். பிள்ளை கீழே விழுந்தாள்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தாள். விரல்களில் தீக்காயம், வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

நான் பார்க்கப் போனபோது அந்தச் சகோதரியிடம் கேட்டேன்: "உங்களுக்கு எப்படி மகள் மெயின் சுவிட்ச் ஞாபகம் வந்தது?" அவர் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்து காட்டினார். "இவர் ஃபோனில சொன்னார் மௌலவி, ஒவ்வொரு தரமும் எத்தன மணிக்கு விழுகுது, அந்நேரம் என்னென்ன ஓடிட்டிருந்த எண்டு எழுதி வெக்கச் சொல்லி. எழுதி எழுதி அந்தப் பலகை எனக்குப் பாடமாகிட்டு."

கொப்பி சொன்ன கதை

எமது கல்லூரியில் ஓதிவிட்டுப் பின்னர் தொழில்நுட்பக் கல்வியில் சேர்ந்து, மின்னியலில் என்.வீ.கியூ. தகைமை பெற்ற இளைஞர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரை அழைத்துச் சென்றேன். பலகையைத் திறந்ததும் அந்த இரண்டு துண்டு வயர்களைக் கண்டு அவரது முகம் மாறியது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து அவற்றைக் கழற்றினார். பிறகு ஒரு கதிரையில் அமர்ந்து அந்தக் கொப்பியை ஆரம்பத்திலிருந்து வாசித்தார்.

இரண்டு வாரத்தில் 19 தடவை விழுந்திருந்தது. 12 தடவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில். 6 தடவை ஸுபஹுக்கும் பிள்ளைகள் பாடசாலை போகும் நேரத்துக்கும் இடையில். ஒரே ஒரு தடவை நடுப்பகலில். அந்த ஒன்றின் பக்கத்தில், "பெரிய மழை. விருந்தாளிகள். கேத்தலும் ரைஸ் குக்கரும் அயனும்" என்று எழுதியிருந்தது. அநேகமான நாட்களுக்கு நேரே "மழை" என்று குறிக்கப்பட்டிருந்தது.

"ஹஸ்ரத், இதில் பாதி வேலை முடிந்துவிட்டது" என்றார் அவர். "அந்த நடுப்பகல் ஒன்றைப் பாருங்கள். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாரம் கூடும்போதும், நிலம் நனைந்திருக்கும்போதும் விழுகிறது."

விடுதிப் பிள்ளைகளின் கணக்கு

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் எனக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தையே எடுத்தார்.

"விடுதியிலிருந்து பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போகும்போது முன் வாசலில் நின்று எண்ணுவோம். திரும்பி வரும்போதும் எண்ணுவோம். போனது முப்பது, வந்தது இருபத்தொன்பது என்றால் உடனே மணி அடிப்போம். ட்ரிப் சுவிட்ச் செய்வது அதைத்தான். லைவ் வயர் வழியாகப் போகும் கரண்டையும் நியூட்ரல் வயர் வழியாகத் திரும்பும் கரண்டையும் எப்போதும் ஒப்பிட்டுக் கொண்டிருக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினால் வீட்டையே அணைத்துவிடும். குறைந்த கரண்ட் எங்கோ வழி தவறிப் போகிறது. ஒருவேளை ஒரு மனிதரின் உடம்பு வழியாகப் போகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது."

30 மில்லி அம்பியர் என்பது எவ்வளவு சிறியது என்பதை விளங்க ஒரு கணக்கு: பழைய 60 வோற் மின்குமிழ் ஒன்று எரிய ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. அவ்வளவு சிறிய கரண்ட் ஏன் முக்கியம்? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல் என்பவர் இதனை ஆராய்ந்தார். கையால் பிடித்த கம்பியைத் தானாக விட முடியாமல் தசைகள் இறுகிப் போகும் அளவு, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10 மில்லி அம்பியரைச் சற்றுத் தாண்டியது எனக் கண்டார். 1961இல் இதே எண்ணிக்கை முறையில் உயிர் காக்கும் சுவிட்ச் ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கியவரும் அவரே. அந்தப் பிள்ளையால் ஏன் கையை எடுக்க முடியவில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது. சிறிய சுவிட்சுகள் பெரிய பாரத்துக்குத்தான் விழும். 6 அம்பியர் சுவிட்ச் என்றால் 6000 மில்லி அம்பியர். ஓர் உயிர் போகும் அளவு கரண்ட் அதற்குக் கணக்கே இல்லை.

"அப்படியானால் இந்த வீட்டில் எந்தப் பிள்ளை காணாமல் போனது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை, ஹஸ்ரத். ஒரு பிள்ளை பின் வாசலால் திரும்பி வந்திருக்கிறது. முன் வாசலில் கணக்குப் பிழைத்துவிட்டது."

ஏன் மஃரிப்? ஏன் மழை?

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். வீட்டில் எங்கோ ஓர் இடத்தில் நியூட்ரல் வயரும் ஏர்த் வயரும் ஒன்றோடொன்று தொட்டுக் கொண்டிருந்தன. ஆகவே, நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு சிறு பங்கு ஏர்த் வயர் வழியாக, முற்றத்தில் புதைத்த ஏர்த் கம்பியினூடே நிலத்துக்குள் போனது.

நியூட்ரல் என்றால் அதில் ஒன்றும் இல்லை என்றே நாம் நினைக்கிறோம். தெருவில் பாரம் ஏற ஏற, நிலத்தோடு ஒப்பிடும்போது அதில் இரண்டு மூன்று வோல்ற் ஏறி நிற்கும். மஃரிபுக்குப் பின்னர் தெருவெங்கும் விளக்கு, தொலைக்காட்சி, காற்றாடி. ஸுபஹுக்குப் பின்னர் கேத்தல், அயன், தண்ணீர் மோட்டார். நடுப்பகலில் பாரம் குறைவு. முதல் பாஸ் வந்த பகல் பதினொரு மணிக்கு எதுவும் விழாததன் இரகசியம் இதுதான்.

அடுத்தது மழை. காய்ந்த மணல் கரண்டை இலகுவில் விடாது. நனைந்த மணல் விடும். உதாரணத்துக்கு, நியூட்ரலில் 2 வோல்ற் இருக்கிறது என்று கொள்வோம். காய்ந்த மணலில் ஏர்த் கம்பியின் தடை 200 ஓம் என்றால் வழி தவறும் கரண்ட் 10 மில்லி அம்பியர், சுவிட்ச் விழாது. மழையில் அதே தடை 60 ஓமுக்கு இறங்கினால் கரண்ட் 33 மில்லி அம்பியர்; சுவிட்ச் விழும். மாரியின் முதல் வாரத்தில் இந்தத் தொல்லை ஆரம்பமானதும், நான் ஓதிய பின்னர் மழை ஓய்ந்த மூன்று நாட்கள் அது நின்றதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு விடயம் அவர்களைக் குழப்பியிருந்தது. சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் பிழை எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. காரணம், அந்தச் சிறிய சுவிட்சுகள் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் வயர்கள் எல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் சேர்ந்தே இருக்கும். பிழையுள்ள பக்கத்தின் சுவிட்சை அணைத்தாலும் அதன் நியூட்ரல் தொடர்ந்து இணைந்திருக்கிறது. ஆகவே, முன் அறையில் அயன் போட்டால், அணைத்து வைத்த சமையலறைப் பக்கத்தின் பிழை சுவிட்சை விழுத்துகிறது!

சீலிங்குக்கு மேலே

அந்த இளைஞர் மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லாப் பிளக்குகளையும் கழற்றச் சொன்னார். பிறகு நியூட்ரல் வயர்களை அந்தப் பட்டையிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஏர்த்துக்கும் இடையில் மெகர் என்ற கருவியால் அளந்தார். நல்ல வயரிங்கில் அந்த அளவு குறைந்தது பத்து இலட்சம் ஓமாவது இருக்க வேண்டுமாம். எல்லாம் அதற்கு மேல் காட்டின, ஒன்றைத் தவிர. சமையலறை, பின் விறாந்தை விளக்குகளுக்குப் போகும் வயர் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டியது. சரியான கருவியோடு பார்த்திருந்தால் நண்பகலிலேயே தெரிந்திருக்கும்.

பின்னர் அந்த வயரின் நடுவிலுள்ள பெட்டியைத் திறந்து இரண்டாகப் பிரித்து அளந்தார். முன் பாதி சரி. பின் பாதியை மறுபடியும் இரண்டாகப் பிரித்தார். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக் கொண்டு போய், நடைபாதைச் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றினார்.

தும்பும் கடதாசித் துண்டுகளும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு ஒன்று இருந்தது. அதை ஒட்டிச் சென்ற வயரின் மேலுறையை எலி கடித்துத் தின்றிருந்தது. கறுப்பு நிற நியூட்ரல் வயரின் செம்பு வெளியே தெரிந்து, ஏர்த் வயரோடு ஒட்டிக் கிடந்தது. சிவப்பு நிற லைவ் வயரிலும் பல் தடம் இருந்தது, செம்பை எட்டவில்லை. "இன்னும் சில இரவுகள் போயிருந்தால் இந்தத் தும்பு பற்றியிருக்கும்" என்றார் அவர்.

புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் ஒரு நபிமொழி வருகிறது. இரவில் உறங்கும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக் கூடும் எனக் காரணமும் கூறினார்கள். மாணவர்களுக்குப் பல வருடங்களாக அந்த ஹதீஸை நான் பாடம் நடத்தியிருக்கிறேன். எண்ணெய் விளக்குக் காலத்து விடயம் என்று கடந்து போயிருக்கிறேன். அன்று ஏணியின் மேல் நின்று அந்தக் கூட்டைப் பார்த்தபோதுதான் அதன் கருத்து எனக்கு முழுமையாக விளங்கியது.

உடுப்புக் கழுவும் மெஷினின் பிழை வேறு. அது இரண்டு கம்பி மட்டுமே கொண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் இணைக்கப்பட்டிருந்தது, ஏர்த் கிடையாது. மெஷினுக்குள் ஒரு வயர் உரசித் தகரத்தோடு தொட்டிருந்தது. ஏர்த் இருந்திருந்தால் தொட்ட அன்றே கரண்ட் நிலத்துக்குப் போய் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். ஏர்த் இல்லாததால் அது ஓசையின்றிக் காத்திருந்தது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்திருந்தால், பிள்ளை கை வைத்த கணத்தில் ஒரு சுள்ளென்ற அதிர்ச்சியோடு முடிந்திருக்கும். அந்த வாயைத்தான் இரண்டு துண்டு வயர்களால் அடைத்திருந்தார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

ஜின்கள் இருப்பது அல்குர்ஆன் கூறும் உண்மை. ஸிஹ்ர் இருப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஓதிப் பாதுகாப்புத் தேடுவது ஸுன்னா. ஆனால், காரணம் தெரியாத ஒவ்வொன்றையும் ஜின்னின் கணக்கில் எழுதுமாறு மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் தரும் படிப்பினை.

நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் (ரழி) ஹிஜ்ரி 10இல் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தைக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். துயரத்தின் உச்சத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக் கூட இருந்திருக்கலாம். ஆனால் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். நான் ஓதிய மூன்று நாட்களும் விளக்கு அணையாதபோது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய ஹதீஸ் இது.

குறி சொல்பவரிடம் சென்று விசாரிப்பவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படமாட்டாது என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு ஸூரதுல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. தெரியாமல் வயரிங் செய்பவருக்கும் அதே சட்டத்தின் நிழல் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

சகோதரிகளின் கவனத்திற்கு

மின்சாரப் பலகையைத் திறக்குமாறு நான் எவரிடமும் சொல்லவில்லை. அது தகைமை பெற்றவரின் வேலை. ஆனால் வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் நீங்கள். பாஸ் ஒரு மணி நேரம் பார்ப்பதை நீங்கள் ஒரு மாதம் பார்க்கிறீர்கள். ஆகவே சில விடயங்களை மனதில் கொள்ளுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன நேரம், எவை ஓடிக் கொண்டிருந்தன, மழையா வெயிலா என்பன போதும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை ஒதுக்கி வையுங்கள். ஒன்றுமே இல்லாமல் விழுந்தால் பிழை சுவருக்குள் அல்லது சீலிங்குக்கு மேல். திரும்பத் திரும்பத் தூக்கிவிட வேண்டாம்.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காக்காது. அதை மாற்றாமல் இருக்க வேண்டாம். அது விழுந்தாலும் சுவிட்சின் உள் வேலை சரி என்பதுதான் பொருள். முற்றத்து ஏர்த் கம்பியைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். லைவையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் ட்ரிப் சுவிட்சாலும் காக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

தகர உடல் கொண்ட மெஷின், பிரிட்ஜ், அயன், மோட்டார் எதையும் இரண்டு கம்பி வயரில் இணைக்காதீர்கள். "சுவிட்சை நேராகக் கொடுத்துவிடுகிறேன், இனி விழாது" என்று எவராவது சொன்னால், "வேண்டாம்" என்று சொல்லுங்கள். வேலைக்கு வருபவரிடம் தகைமைச் சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஒருவரைக் கரண்ட் பிடித்தால் அவரைத் தொட வேண்டாம். மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் அணைய வேண்டும் என்பதை வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இன்றே காட்டிக் கொடுங்கள்.

மீண்டும் ஒரு வட்டிலப்பம்

வயரை மாற்றி, சீலிங்கில் எலி புகும் துவாரத்தை அடைத்து, மெஷினுக்குச் சரியான பிளக் போட்ட அன்று மஃரிபுக்கு நல்ல மழை. விளக்கு அணையவில்லை. தாயார் சற்று நேரம் மேலே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மௌலவி, அந்தப் புள்ளட முகத்துல நான் எப்படி முழிப்பன்?" என்று கேட்டார்.

வயரின் பிழை ஒரு நாளில் திருந்தியது. இந்தப் பிழை திருந்த நாள் எடுத்தது. நானும் அவர்களோடு அந்த மதினியின் வீட்டுக்குப் போனேன். நான் மௌனமாக இருந்ததையும் சொல்லி முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். தாயார் நான்கு நாள் கழித்துத் தனியாகப் போனார், மறுபடியும் போனார்.

அடுத்த நோன்புப் பெருநாளன்று அந்தச் சகோதரி ஒரு வட்டிலப்பச் சட்டியோடு தம்பியின் வீட்டுக்கு வந்தார். விரலில் தழும்பு ஆறிய பிள்ளைதான் முதலில் கை நீட்டி வாங்கினாளாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்தவரிடம் கேட்கவும், தெளிவின்றி எவர் மீதும் பழி போடாதிருக்கவும் வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக!